பெட்டித் தோட்டாவா, கையால் நிரப்பியதா? ரைஃபிள் துல்லியத்துக்கு எதில் நேரம் போடுவது

100 மீட்டரில் ஐந்து தோட்டா சுட்டால் 35, 40 மில்லிமீட்டருக்குள் விழுகிறது. அதை 20க்குக் கொண்டுவர என்ன செய்யலாம்? சென்டர்ஃபயர் ரைஃபிளில் (தோட்டா அடியின் நடுவில் பற்றவைக்கும் வகை) இலக்குச் சுடுகிறவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். ரைஃபிளில் குறை இல்லை, ஸ்கோப் மவுண்ட் ஆடவில்லை, சுடுகிறவர் கையும் நிதானப்பட்டுவிட்டது என்றால் மிச்சம் இருப்பது தோட்டாதான். அங்கே மூன்று வழி உண்டு. நல்ல மேட்ச் தோட்டாவைப் பெட்டியாக வாங்கிச் சுடுவது ஒன்று. சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கூடான கேஸை எடுத்து, அடிப்படைக் கருவிகளோடு ஒழுங்காகக் கையால் நிரப்புவது இன்னொன்று. மேசையில் ரைஃபிளைத் தாங்கிவைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிக்காரர்கள் போலக் கேஸின் கழுத்தைக் கடைந்து, கேஸை எடை பார்த்து, குண்டை ஒவ்வொன்றாக அளந்து பிரித்து, எல்லாச் சடங்கையும் செய்வது மூன்றாவது.

நான் இரண்டாவது கட்சி, அதுவும் நிபந்தனையோடு. கைநிரப்பலில் கிடைக்கிற லாபத்தில் பெரும்பங்கு மூன்று நான்கு வேலைகளிலேயே வந்துவிடுகிறது. அதற்கு மேல் செய்கிற ஒவ்வொன்றுக்கும் நேரம் அதிகம், பலன் கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் உண்மையிலேயே வந்ததா என்று கண்டுபிடிக்கவே நூற்றுக்கணக்கில் சுட வேண்டியிருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டா நிரப்புவதற்கும், பவுடரும் அதைப் பற்றவைக்கும் பிரைமரும் வீட்டில் வைத்திருப்பதற்கும் பல நாடுகளில் தனி உரிமம் வேண்டும். சில இடங்களில் அனுமதியே கிடையாது. உங்கள் இடத்துச் சட்டத்தைப் பார்க்காமல் கருவி வாங்க இறங்காதீர்கள். சட்டம் இடம் கொடுக்காவிட்டால் முதல் வழிதான் உங்கள் வழி. அதுவும் பலர் நினைக்கிற அளவுக்கு மோசமில்லை.

தூரம்தான் முதல் கேள்வி

சிதறலைக் கோணத்தில் அளப்பது வழக்கம். ஒரு எம்ஓஏ (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) என்பது 100 மீட்டரில் சுமார் 29 மில்லிமீட்டர். தோட்டாவால் வரும் சிதறலை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். குண்டுகள் ஒரே திசையில் கிளம்பாமல் போவது ஒன்று: குண்டின் தரம், அது கேஸில் கோணலாக உட்கார்ந்திருப்பது, பேரலின் அதிர்வு எல்லாம் இதில் அடங்கும். இரண்டாவது, குண்டுக்குக் குண்டு வேகம் மாறுவது. முதலாவது எல்லாத் தூரத்திலும் தெரியும். இரண்டாவது தூரம் போகப் போகத்தான் தலைகாட்டும்.

.308 வின்செஸ்டரில் 175 கிரெய்ன் (சுமார் 11 கிராம்) எடைக் குண்டு நொடிக்கு 2600 அடி வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகத்தில் 10 அடி கூடினாலோ குறைந்தாலோ 100 கஜத்தில் அது விழுகிற இடம் அரை மில்லிமீட்டர்தான் மாறும். காகிதத்தில் அதைக் கண்ணால் பிரித்துப் பார்க்கவே முடியாது. அதே 10 அடி, 1000 கஜத்தில் 3 அங்குலத்துக்கு மேல் ஆகிவிடும். தொலைதூரச் சுடுதலான எஃப் கிளாஸ் போட்டியில் 1000 கஜ இலக்கின் 10 புள்ளி வளையம் 10 அங்குல விட்டம். தோட்டாவின் வேகம் 30 அடிக்கு ஏறி இறங்கினால், நீங்கள் எவ்வளவு நன்றாகப் பிடித்துச் சுட்டாலும் அந்த வளையத்தின் உயரம் முழுவதையும் வேக வித்தியாசமே தின்றுவிடும்.

ஆகவே 100, 200 மீட்டர் மட்டும் சுடுகிறவர் ஒரு பவுடர் மணிக்காகத் தராசோடு மல்லுக்கட்டுவதில் அர்த்தம் இல்லை. அவர் காசை நல்ல குண்டில் போடட்டும். 600 மீட்டருக்கு மேல் போகிறவருக்குக் கணக்கே வேறு.

பெட்டியில் வாங்கும் மேட்ச் தோட்டா

ஃபெடரல் கோல்ட் மெடல், லப்புவா, ஹார்னடி மேட்ச் வரிசைகள் எல்லாம் இன்று நல்ல குண்டு, நல்ல கேஸ் போட்டு வருகின்றன. ஒழுங்கான பேரல் இருந்தால் இவற்றில் ஒன்றாவது ஒரு எம்ஓஏவுக்குள் சுடும் என்று எதிர்பார்க்கலாம். 6.5 க்ரீட்மோர் 2007இல் வரும்போதே இலக்குப் போட்டியை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டது. அதில் பெட்டித் தோட்டா நன்றாகவே சுடுவதால் கைநிரப்பலின் லாபம் சிறுத்துப்போகிறது. நேர்மாறாக, மேட்ச் தோட்டாவே கிடைக்காத பழைய காலிபர் வைத்திருப்பவருக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை, கைநிரப்பல்தான் கதி.

பெட்டித் தோட்டாவின் குறை தரத்தில் இல்லை, பொதுத்தன்மையில் இருக்கிறது. அது எல்லா ரைஃபிளின் சேம்பரிலும் (தோட்டா உட்காரும் அறை) ஏற வேண்டும், எல்லா மேகசினிலும் அடங்க வேண்டும். உங்கள் சேம்பருக்கென்று அதை யாரும் செய்யவில்லை. குண்டைத் தேர்ந்தெடுப்பதிலும் ஏமாறக்கூடாது. சியர்ராவின் 168 கிரெய்ன் மேட்ச்கிங் குண்டு 300 மீட்டர் போட்டிக்காக உருவானது. அந்தத் தூரத்தில் அது தங்கம். ஆனால் .308இல் 1000 கஜம் வரை இழுத்தால், ஒலி வேகத்தை நெருங்கும்போது நிலை தடுமாறும் என்று பெயர் வாங்கியது. 'மேட்ச்' என்று பெட்டியில் போட்டிருந்தால் எல்லாத் தூரத்துக்கும் மேட்ச் என்று ஆகிவிடாது.

இந்த வழியில் போகிறவர்கள் செய்ய வேண்டிய ஒரே புத்திசாலித்தனம் லாட் எண்ணை, அதாவது எந்தத் தயாரிப்புத் தொகுதி என்பதைப் பார்ப்பது. ஒரே பெயர், ஒரே பெட்டி, ஆனால் லாட் மாறினால் பவுடரும் மாறியிருக்கலாம், வேகமும் மாறியிருக்கலாம். நான்கைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்த்து, பிடித்ததை அதே லாட்டில் மொத்தமாக வாங்கிவிட வேண்டும். .22 ரிம்ஃபயர் சுடுகிறவர்களுக்கு இதைவிட்டால் வேறு வழியே இல்லை. அதன் விளிம்புக்குள்ளேயே வெடிக்கும் கலவை இருப்பதால் கேஸை மறுபடி நிரப்ப முடியாது. அதனால்தான் ஈலி, லப்புவா போன்ற நிறுவனங்கள் சோதனைக்கூடமே வைத்திருக்கின்றன. சுடுகிறவர் தன் ரைஃபிளைக் கொண்டுபோய், அதில் எந்த லாட் நன்றாகச் சுடுகிறது என்று பார்த்து வாங்கி வரலாம்.

கையால் நிரப்பினால் எது கைக்குள் வருகிறது

தோட்டாவில் நான்கே பொருள்: கேஸ், பிரைமர், பவுடர், குண்டு. கேஸ் மட்டும் திரும்பத் திரும்பப் பயன்படும். நடுவில் ஒரே தீத்துளை உள்ள பாக்ஸர் வகைக் கேஸாக இருந்தால்தான் வேலை சுலபம். இரண்டு துளை உள்ள பெர்டன் வகையில் பழைய பிரைமரைத் தட்டி எடுப்பதே தொல்லை, அதை விட்டுவிடலாம்.

நான்கில் துல்லியத்தை அதிகம் தீர்மானிப்பது எது என்று கேட்டால் குண்டு என்பேன், யோசிக்காமல். பேரல் விட்டுக் கிளம்பிய பிறகு அதுதான் பறக்கிறது. உறையும் ஈயமும் ஒரே மையத்தில் இல்லாத குண்டை எவ்வளவு பார்த்துப் பார்த்து நிரப்பினாலும் அது கோணலாகத்தான் போகும். அடுத்தது கேஸ். ஒரே லாட்டில் வந்த நல்ல கேஸ் 100 வாங்குவது, கலவையாகப் பொறுக்கிய 500 கேஸை எடை பார்த்துப் பிரிப்பதைவிட மேல். இந்த இரண்டையும் காசு கொடுத்தே வாங்கிவிடலாம், திறமை தேவையில்லை. இதைச் சொன்னால் பலருக்கு உற்சாகம் வடிந்துவிடுகிறது.

எந்தப் பவுடர் எத்தனை கிரெய்ன் என்ற எண் எதையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்த எண்ணைப் பவுடர் அல்லது குண்டு தயாரிப்பாளர் வெளியிட்ட கையேட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். தெரிந்தவர் சொன்னார் என்று எடுக்கக்கூடாது. கையேட்டில் உள்ள ஆரம்ப அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏறுவது, உச்ச அளவைத் தாண்டாமல் இருப்பது, குண்டு, பிரைமர், கேஸ், பவுடர் லாட் இவற்றில் ஒன்றை மாற்றினாலும் மறுபடி கீழிருந்து வருவது: இதில் பேரத்துக்கே இடமில்லை. .308 வின்செஸ்டரின் உச்ச அழுத்தம் அமெரிக்கத் தர அமைப்பான சாமியின் கணக்கில் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அவ்வளவு அழுத்தம் உங்கள் கன்னத்துக்குப் பக்கத்தில் உருவாகிறது. ராணுவக் கேஸ்களின் சுவர் பல நேரம் தடிமனாக இருக்கும், உள்ளே இடம் குறைவு. மற்ற கேஸில் அடக்கமாக இருந்த அதே பவுடர் அளவு இதில் அழுத்தத்தை ஏற்றிவிடும்.

கழுத்து மட்டுமா, முழுக் கேஸுமா

கைநிரப்புகிறவர்கள் அதிகம் சண்டை போடுகிற இடம் இது. சுட்டதும் கேஸ் விரிந்து சேம்பரின் உருவத்தையே எடுத்துக்கொள்கிறது. பிறகு குண்டைப் பிடிக்க வேண்டிய கழுத்தை மட்டும் டை என்னும் அச்சில் நெருக்கினால் போதும், உடல் சேம்பருக்கு அச்சாகப் பொருந்தும், அதனால் துல்லியம் கூடும் என்பது பழைய வாதம். கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. கேஸுக்கு உளைச்சலும் குறைவு.

நடைமுறையில் நடப்பது வேறு. இரண்டு மூன்று முறை சுட்டபின் உடல் சேம்பரை இறுக்கிப் பிடிக்க ஆரம்பிக்கும். போல்ட்டைக் கீழே அழுத்தி மூட வேண்டியிருக்கும், தூக்கும்போதும் மக்கர் செய்யும். மணல்பையில் படுத்திருக்கிற ரைஃபிள் ஒவ்வொரு முறையும் அசைந்துவிடும். இறுக்கமாக ஏறிய கேஸ் சேம்பரில் தானாக மையத்துக்கு வரவும் முடியாது, அது எந்தப் பக்கம் வளைந்திருக்கிறதோ அந்தப் பக்கமே நிற்கும். அதனால்தான் இன்று போட்டிக்காரர்களில் பெரும்பாலானவர்கள் முழுக் கேஸையும் டையில் ஏற்றுகிறார்கள், ஆனால் அளவோடு. சுட்ட கேஸின் தோளை, அதாவது உடல் கழுத்தாகக் குறுகும் சரிவை, அளந்துகொண்டு, அதிலிருந்து 0.001 முதல் 0.002 அங்குலம், அதாவது 0.03 முதல் 0.05 மில்லிமீட்டர் வரை மட்டும் தோளைப் பின்தள்ளும்படி டையைத் திருகி வைப்பது.

டைப் பெட்டியில் வருகிற தாளில் 'டை, கேஸின் அடியைப் பிடிக்கும் ஷெல்ஹோல்டரைத் தொடும்வரை இறக்கி, இன்னும் கொஞ்சம் திருகுங்கள்' என்கிற மாதிரி எழுதியிருக்கும். அப்படியே செய்தால் பல சேம்பர்களுக்குத் தோள் அளவுக்கு மீறிப் பின்னே போய்விடும். ஒவ்வொரு முறை சுடும்போதும் கேஸ் அந்த இடைவெளிக்கு நீளும். நீட்சி முழுக்க அடிப்பாகத்துக்குச் சற்று மேலே ஒரே இடத்தில் விழும், கடைசியில் அங்கேயே கேஸ் இரண்டாகப் பிரியும். வெளியே ஒரு பளபளப்பான வளையம் தெரிந்தால் அதற்கு எச்சரிக்கை. நுனியை வளைத்துக் கூராக்கிய மெல்லிய கம்பியைக் கேஸுக்குள் விட்டு, உள்சுவரைத் தடவிக்கொண்டே மேலே இழுத்துப் பாருங்கள். நல்ல கேஸில் வழுக்கிக்கொண்டு வரும். மெலிந்த கேஸில் அடியிலிருந்து கொஞ்சம் மேலே கம்பி ஒரு பள்ளத்தில் இடறும். இடறினால் அந்தக் கேஸைக் குறட்டால் நசுக்கிக் குப்பையில் போடுங்கள், அந்த லாட் முழுவதையும் சோதியுங்கள். தோள் அளக்கும் சின்னக் கேஜ் ஒன்று வாங்கிவிட்டால் துல்லியமும் கிடைக்கிறது, கேஸின் ஆயுளும் கூடுகிறது. இந்தப் பட்டியலில் எனக்கு அதிகம் பிடித்த செலவு அதுதான்.

கழுத்தின் பிடி

சாதாரண டை கழுத்தைத் தேவைக்கு மேல் நெருக்கிவிட்டு, வெளியே வரும்போது உள்ளே இருக்கிற உருண்டையால் திரும்ப விரிக்கும். காய்ந்த கழுத்து வழியாக அந்த உருண்டை கிறீச்சிட்டுக்கொண்டு வரும்போது கழுத்து ஒரு பக்கம் இழுபடலாம். மாற்று இரண்டு. தேவையான அளவு வளையத்தைப் போட்டுக் கழுத்தை அந்த அளவுக்கு மட்டும் நெருக்கும் புஷ்ஷிங் டை ஒன்று. உருண்டையைக் கழற்றிவிட்டு, தனியாக ஒரு மேண்ட்ரலை (சரியான அளவுக்குக் கடைந்த கம்பி) மேலிருந்து இறக்கி உள்விட்டத்தைச் சீராக்குவது இன்னொன்று. கழுத்தின் தடிமன் சீராக இல்லாத கேஸில் புஷ்ஷிங் அந்தக் குறையை உள்பக்கம் தள்ளிவிடும், மேண்ட்ரல் வெளிப்பக்கம் தள்ளும். குண்டு உட்காருவது உள்பக்கம் என்பதால் எனக்கு மேண்ட்ரல் பிடிக்கும். காசு செலவழிக்க விருப்பமில்லாதவர் இருக்கிற டையையே வைத்துக்கொண்டு, கழுத்தின் உள்ளே கொஞ்சம் கிராஃபைட்டோ மெழுகோ தடவினால் பாதி வித்தியாசம் அதிலேயே மறைந்துவிடும்.

குண்டைவிடக் கழுத்தின் உள்விட்டம் 0.002 அங்குலம் குறைவாக இருப்பது வழக்கமான பிடி. அந்த எண் என்ன என்பதைவிட எல்லாக் கேஸிலும் அது ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். அது ஒன்றாக இருக்கிறதா என்று டையை மாட்டும் பிரஸ்ஸின் கைப்பிடியே சொல்லும். குண்டை இறக்கும்போது ஒன்று வெண்ணெயாக இறங்கி, அடுத்தது முரண்டு பிடித்தால் அந்த இரண்டும் ஒரே வேகத்தில் போகாது. முரண்டு பிடித்ததைத் தனியே வைத்துப் பயிற்சிக்குச் சுடுங்கள்.

அப்புறம், அன்னீலிங். கேஸ் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். விரிந்து நெருங்கி, விரிந்து நெருங்கி, அந்தக் கழுத்து இறுகிப்போகும். சூடாக்கினால் மறுபடி மென்மையாகும். கழுத்தையும் தோளையும் மட்டும்தான் சூடாக்க வேண்டும். அடிப்பாகம் மென்மையாகிவிட்டால் அந்தக் கேஸ் வெடிகுண்டுக்குச் சமானம். கேஸ் கம்பெனியில் செய்து அனுப்பிய ஊதாத் தடம் புதுக் கேஸில் தெரியும். நெருப்புச் சுடர் இயந்திரம் மலிவு, ஆனால் ஒவ்வொரு முறையும் சரிபார்த்துத் திருப்ப வேண்டும். இண்டக்‌ஷன் இயந்திரம் விலை கூடுதல், அலட்டல் குறைவு. கேஸை நான்கைந்து முறைக்கு மேல் ஓட்டாதவர் இந்தச் செலவையே தள்ளிப்போடலாம். ஓட்டுகிறவர் ஒவ்வொரு முறையும் செய்யட்டும். பாதிக் கேஸுக்குச் செய்து பாதியை விட்டுக் கலந்து சுடுவது மட்டும் கூடாது.

பவுடரை எவ்வளவு நுணுக்கமாக நிறுக்க வேண்டும்

நான்கு தேர்வு இருக்கிறது. கைப்பிடியைச் சுழற்றினால் கொள்ளளவாகக் கொட்டுகிற மெஷர், கொஞ்சம் குறைவாகக் கொட்டி, மிச்சத்தை மணிமணியாகச் சொட்டவிட்டு பீம் தராசில் சரிசெய்வது, 0.1 கிரெய்ன் வரை தானே நிறுத்துக் கொடுக்கும் மின்னணு டிஸ்பென்ஸர், 0.02 கிரெய்ன் வரை பார்க்கும் ஆய்வகத் தரத் தராசு. 7000 கிரெய்ன் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு என்பதால் 0.02 கிரெய்ன் என்பது நீளமணிப் பவுடரில் கிட்டத்தட்ட ஒரே ஒரு மணி.

உருண்டைப் பவுடர் மெஷரில் தண்ணீர் மாதிரி ஓடும், அதற்கு அதுவே போதும். நீளமணிப் பவுடர் அப்படி ஓடாது. உள்ளே குறுக்கே மாட்டிக்கொள்ளும், சில மணிகள் நறுக்கென்று வெட்டுப்படுவது கைப்பிடியில் தெரியும், அளவு ஏறி இறங்கும். ஆனால் வெயிலுக்கும் குளிருக்கும் வேகம் அதிகம் மாறாத பவுடர்களாகப் பெயர் வாங்கியவை பலவும், ஹாட்ஜ்டனின் வார்கெட், எச்4350 போன்றவை, இந்த நீளமணி வகைதான். ஆக மெஷரின் வசதியா, வெப்பநிலை தாங்குவதா என்று ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். காலையில் சரிபார்த்த ரைஃபிள் மத்தியான வெயிலில் உயரமாகச் சுடுவதைவிட, தராசில் கூடுதலாக ஒரு மணிநேரம் உட்காருவது எனக்குச் சம்மதம்.

ஆய்வகத் தராசு வேண்டுமா? .308 அளவுக் கேஸில் 0.1 கிரெய்ன் மாறினால் வேகம் நொடிக்கு 5, 6 அடி அளவில் மாறும். மேலே போட்ட கணக்கை இதில் பொருத்திப் பாருங்கள். 300 மீட்டருக்குள் அது கண்ணுக்கே தெரியாது. 1000 கஜத்தில் இரண்டு அங்குலம் வரை ஆகும், அங்கே அந்தத் தராசு காசுக்கு நியாயம் செய்யும். மற்றவர்களுக்கு நல்ல பீம் தராசு போதும். அதற்கு மின்சாரம் வேண்டாம், சூடாகக் காத்திருக்க வேண்டாம், பக்கத்தில் மின்விசிறி மட்டும் ஓடக்கூடாது. மலிவான மின்னணுத் தராசு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துபோகும். அதோடு வருகிற எடைக்கல்லை இடையிடையே வைத்துப் பார்க்காதவர் அதை நம்பக்கூடாது.

நிரப்பும் மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரே பவுடர் டப்பாதான் இருக்க வேண்டும். கேஸ்களைப் பலகையில் நிற்கவைத்து நிரப்பி முடித்ததும், குண்டு வைப்பதற்கு முன்னால், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து எல்லாக் கழுத்துக்குள்ளும் பாருங்கள். பவுடர் மட்டம் எல்லாவற்றிலும் ஒன்றாகத் தெரிய வேண்டும். ஒன்று காலியாக இருந்தால் பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டு பேரலுக்குள் மாட்டிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் பேரல் பிளக்கும். பேசிக்கொண்டே பவுடர் நிரப்புகிறவரின் தோட்டாவை நான் வாங்கிச் சுடமாட்டேன்.

குண்டை எவ்வளவு ஆழம் இறக்குவது

கேஸில் உட்கார்ந்திருக்கிற குண்டு, சுட்டதும் பேரலின் வரிப்பள்ளங்கள் தொடங்கும் இடம் வரை சிறிது தூரம் தாவுகிறது. அந்தத் தாவல் எவ்வளவு என்பதைப் பெட்டித் தோட்டாவில் உங்களால் மாற்ற முடியாது, கைநிரப்பலில் முடியும். குண்டின் முனையிலிருந்து நீளத்தை அளந்தால் ஏமாறுவீர்கள், ஏனென்றால் முனைகள் ஒன்றுபோல் இருக்காது. காலிப்பரில் மாட்டும் கம்பரேட்டரை வைத்து, குண்டு முழு விட்டத்துக்கு வருகிற வளைவிலிருந்து அளக்க வேண்டும்.

நீண்டு கூர்ந்த விஎல்டி (காற்றுத் தடை மிகக் குறைந்த) வகைக் குண்டுகள் இந்தத் தாவலுக்கு ரொம்பவே கோபித்துக்கொள்ளும். ஒரு நீளத்தில் அருமையாகச் சுடும், கொஞ்சம் மாற்றினால் சிதறும். சியர்ரா மேட்ச்கிங் மாதிரி பழைய வளைவுள்ள குண்டுகள் பொறுத்துப்போகும். புதிதாகத் தொடங்குகிறவருக்குப் பொறுத்துப்போகிற குண்டே நல்லது. காற்றில் கொஞ்சம் நஷ்டம், ஆனால் நீளம் தேடி வீணாகிற தோட்டா மிச்சம். வரிப்பள்ளத்தைத் தொடும்படி குண்டை வெளியே இழுத்து வைக்கிறவர்களும் உண்டு. அதில் அழுத்தம் ஏறும், அதற்கேற்றபடி பவுடரைக் கீழிருந்து தொடங்க வேண்டும். சுடாமல் தோட்டாவை வெளியே எடுத்தால் குண்டு பேரலிலேயே நின்றுகொண்டு பவுடர் முழுக்க போல்ட் ஓடும் ஆக்‌ஷனுக்குள் கொட்டலாம். மேகசினில் போட்டுச் சுடுகிறவருக்கு அது தேவையில்லாத வேலை.

மூன்றாவது வழியின் சடங்குகள்

கழுத்தைக் கடைவது, இறுக்கமான கழுத்துள்ள தனி சேம்பர் வெட்டியவருக்குக் கட்டாயம். 6 எம்எம் பிபிசி காலிபர் சுடும் பெஞ்ச்ரெஸ்ட்காரர்கள் அந்த ரகம். கம்பெனி சேம்பருக்கு நல்ல கேஸ் வாங்கினாலே போதும். பிரைமர் குழியைச் சமப்படுத்துவது, தீத்துளையின் பிசிறை எடுப்பது இரண்டும் ஒருமுறை வேலை. பிசிறு இருந்தால் எடுங்கள், நல்ல கேஸில் பெரும்பாலும் இருக்காது. கேஸை எடை பார்த்துப் பிரிப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. எடை வித்தியாசம் விளிம்பிலும் இருக்கலாம், அது உள்கொள்ளளவைப் பற்றி எதுவும் சொல்லாது. குண்டை அளந்து பிரிப்பது 1000 கஜத்துக்காரர்களுக்கு ஏதோ தரும் என்று ஒத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

பலன் வந்ததா என்று எப்படித் தெரியும்

பெரும்பாலான கைநிரப்பல் முடிவுகள் இங்கேதான் கோட்டை விடுகின்றன. பவுடரை 0.2 கிரெய்ன் படியில் ஏற்றி, ஒவ்வொரு படிக்கும் மூன்று தோட்டா சுட்டு, ஓட்டைகள் நெருங்கி விழுந்து சின்னக் குரூப் வந்த படியை 'நோட்' (ரைஃபிளுக்குப் பிடித்த அளவு) என்று கொண்டாடுவது வழக்கம். அதே சோதனையை மறுவாரம் செய்தால் 'நோட்' வேறு இடத்தில் இருக்கும். காரணம் எளிய கணக்கு. எதையுமே மாற்றாமல், ஒரே ரைஃபிள், ஒரே தோட்டாவில் சுட்டாலும், பத்துத் தோட்டாக் குரூப்பின் சராசரி அளவு மூன்று தோட்டாக் குரூப்பைப் போல ஏறக்குறைய 1.6 மடங்கு. மூன்று தோட்டாக் குரூப்புகள் தமக்குள்ளேயே வேறு தாறுமாறாக ஏறி இறங்கும். சட்டைப்பையில் வைத்துக் காட்டுகிற அந்த ஒரு குட்டிக் குரூப் ரைஃபிளின் தரத்தைக் காட்டவில்லை, அன்றைய அதிர்ஷ்டத்தைக் காட்டுகிறது.

வேகத்திலும் இதே கதை. ஐந்து தோட்டா சுட்டதில் திட்டவிலக்கம் நொடிக்கு 6 அடி என்று வந்தால், உண்மையான விலக்கம் 3.6 முதல் 17 வரை எங்கேயும் இருக்கலாம், 95 சதவீத நம்பிக்கையில் அவ்வளவுதான் சொல்ல முடியும். இருபது தோட்டாவில் அதே 6 வந்தால் எல்லை 4.6 முதல் 8.8 வரை சுருங்கும். அன்னீலிங் செய்ததால் 9 ஆக இருந்தது 7 ஆகிவிட்டது என்று ஐந்து ஐந்து தோட்டா சுட்டுச் சொல்கிறவரிடம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

வேகம் அளக்கும் கருவியிலும் தேர்வு உண்டு. ஒளி சென்சார் வகை மலிவு, ஆனால் வெளிச்சம் மாறினால் சண்டித்தனம் செய்யும். பேரல் நுனியில் கட்டும் காந்த வகை நம்பகமானது, ஆனால் பேரலில் பாரம் ஏறுவதால் குண்டு விழும் இடமே மாறும். வேகத்தையும் குரூப்பையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. டாப்ளர் ரேடார் வகை ரைஃபிளைத் தொடுவதே இல்லை. 2023இல் வந்த கார்மின் ஸீரோ சி1 மாதிரி கைக்குள் அடங்குவதும் இப்போது உண்டு. ஆய்வகத் தராசா, ரேடாரா என்று ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் ரேடாரை வாங்குங்கள். தராசு தேவையா என்பதையே அது சொல்லிவிடும்.

இதற்கெல்லாம் பேரல் தேய்கிறது என்பதையும் கணக்கில் சேருங்கள். .308 பேரல் 5000 தோட்டா வரை தாக்குப்பிடிக்கும். சின்ன வாயும் பெரிய கேஸும் உள்ள வேகக் காலிபர்களுக்கு அதில் பாதிகூட ஓடாது. அப்படிப்பட்ட பேரலில் பத்து விதமான லோடைச் சோதித்து முடிப்பதற்குள் அதன் நல்ல காலத்தில் ஒரு பெரும்பகுதி போய்விடும். இரண்டு குண்டு, ஒரு பவுடர், அதோடு நிறுத்துங்கள்.

சரி, யாருக்கு எது?

300 மீட்டருக்குள், ஆண்டுக்குச் சில நூறு தோட்டா சுடுகிறவர் நல்ல மேட்ச் தோட்டாவை லாட் பார்த்து வாங்கட்டும். கருவி வாங்கும் பணத்தில் அவருக்கு நிறையத் தோட்டாவும் ஒரு பயிற்சியாளரும் கிடைப்பார்கள். 600 மீட்டரும் அதற்கு மேலும் சுடுகிறவர், அல்லது மாதம் நூற்றுக்கு மேல் சுடுகிறவர், இரண்டாவது வழிக்கு வரலாம்: ஒரு லாட் கேஸ், பொறுத்துப்போகும் மேட்ச் குண்டு, வெப்பநிலை தாங்கும் பவுடர், தோள் கேஜ் வைத்துத் திருகிய முழு டை, பீம் தராசு, கையேடு. செலவு குறையும் என்று மட்டும் வராதீர்கள். தோட்டா ஒன்றுக்கு ஆகும் செலவு குறையும், அதனால் அதிகம் சுடுவீர்கள், மொத்தச் செலவு அப்படியே நிற்கும்.

மூன்றாவது வழிக்குப் போகலாமா என்பதை இலக்குத் தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தொலைதூரத்தில் இருபது தோட்டா சுட்ட தாளில் ஓட்டைகள் மேலும் கீழுமாக நீண்டிருந்தால், வேகத்திலோ கழுத்தின் பிடியிலோ இன்னும் வேலை இருக்கிறது, தராசும் அன்னீலிங்கும் அங்கே உதவும். உயரத்தில் அடக்கமாக இருந்து பக்கவாட்டில் விரிந்திருந்தால் அது காற்று. அதைச் சரிசெய்யும் கருவி எந்த ரீலோடிங் மேசையிலும் கிடையாது. இருக்கிற தோட்டாவை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய், காற்றைக் காட்டும் கொடியையும் கானலையும் பார்த்துச் சுடுவதுதான் அதற்கு வேலை.